படகு நாவலும் அண்ணி கேட்ட வரிசையும்

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் நாற்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். நாற்பது பேருக்கும் பெயர் இருந்தது. ஒருத்திக்கு மட்டும் பெயர் மறைந்து உறவுமுறையே நிலைத்துவிட்டது. அவள்தான் அண்ணி.

அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் அவளுடைய நாத்தனாரும் அங்கேயே வந்து சேர்ந்தாள். நாத்தனார் வாயைத் திறந்தால் "அண்ணி, அண்ணி" என்பாள். கேட்டுக் கேட்டுக் கூடமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. அவளைவிட நான்கு வயது மூத்த சூப்பர்வைசர்கூட அண்ணி என்றுதான் சொல்வார். அவருக்கு அண்ணனே கிடையாது என்பது வேறு விஷயம்.

அண்ணியும் நாத்தனாரும் ஒரு ஜோடி. படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. விறைப்பாக இழுத்து, உதறி, பாதியாக மடித்து, எதிரெதிரே நடந்து வந்து, முனையை முனையோடு சேர்த்து ஒருத்தி கையிலிருந்து மற்றவள் கைக்கு மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு என்றால் இருநூறு தடவை கிட்ட வந்து விலக வேண்டும். கிட்ட வரும்போது ஒரு வாக்கியம், விலகும்போது ஒரு பதில். பன்னிரண்டு வருடமாக அந்த இரண்டு பேரும் இப்படித்தான் சண்டை போட்டார்கள். சண்டை பெரும்பாலும் கதைகளைப் பற்றியது.

அண்ணி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், ஒரு பக்கம் முடிவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். ஆறு வருடத்துக்கு முன் கண்ணில் புரை எடுத்து, கட்டுப் போட்டுச் சும்மா கிடந்த நாட்களில் மருமகள் ஒரு நாவலைப் போனில் போட்டுக் காதில் செருகிவிட்டாள். கட்டுப் பிரிந்தது, காதில் செருகியது பிரியவில்லை. வேலைக்கு வந்தபோது ஒரு காதில் கதை, ஒரு காது மெஷினுக்கு. அவளைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் நான்கு பேர், அப்புறம் கூடம் முழுக்க.

சாப்பாட்டு வேளையில் டப்பாக்களைத் திறந்ததும் யாராவது ஒருத்தி தான் கேட்டு முடித்ததைச் சொல்வாள். மற்றவர்கள் மென்றுகொண்டே கேட்பார்கள். கடைசியில் எல்லாரும் அண்ணியைப் பார்ப்பார்கள். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் தீர்ப்புச் சொல்வாள். பிடித்திருந்தால் "மடிச்சு வை." சுமார் என்றால் "இன்னொரு அலசு அலசியிருக்கலாம்." அலங்காரமாகப் பேசிக்கொண்டே போகும் கதையாக இருந்தால் "கஞ்சி ஜாஸ்தி, விறைச்சுக்கிட்டு நிக்குது." ஒரேயடியாகப் பிடிக்காவிட்டால் "சாயம் போற துணி. மத்த கதையோட சேத்துப் போடாதீங்க."

வாசிக்கும் குரலைப் பற்றியும் அவளுக்கு அபிப்பிராயம் உண்டு. ஒரு ஆள் எல்லாக் கட்டத்திலும் குரல் தழுதழுக்க வாசிப்பார். "அவரே எல்லாத்தையும் அழுது தீத்துட்டா நான் எதுக்கு அழணும்?" என்று அவரை ஒதுக்கிவிட்டாள்.

நாத்தனாருக்குச் சிறுகதைதான் உசத்தி. "பஸ் ஏறும்போது ஆரம்பிச்சா இறங்கும்போது முடியணும், அண்ணி. நாவல்ங்கிறது விருந்தாளி மாதிரி. வந்து உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டேங்குது."

"நீ சோறு திங்கிறதும் அப்படித்தான். ரெண்டு வாய், கை கழுவிடுவே. அதான் இப்படி ஈர்க்குச்சி மாதிரி இருக்கே."

"நீங்க நாவல் மாதிரிதான் இருக்கீங்க. இருபத்தி நாலு அத்தியாயம்."

இப்படி இழுத்து மடித்துப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு பேய்க்கதை வந்து விழுந்தது. ஒருத்தி அதை இரண்டு காதிலும் செருகிக்கொண்டு மெய்மறந்து நின்றதில் டிரையரின் மணி அடித்தது கேட்கவில்லை. ஒரு வண்டித் தலையணை உறை பழுப்பேறிப் போய்விட்டது. மறுநாள் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காதில் எதையும் செருகிக்கொண்டு வேலை பார்க்கக் கூடாது.

நாற்பது பேரின் முகமும் தொங்கிப் போயிற்று. அண்ணி நேரே சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், காதுல வேண்டாம். சுவத்துல ஒரு ஸ்பீக்கர் பெட்டி மாட்டுங்க. எல்லாரும் ஒரே கதையைக் கேக்கிறோம். மணியும் கேக்கும், கதையும் கேக்கும்."

"அண்ணி, எனக்கு ஒண்ணும் இல்லை. பெரிய சிஸ்டர் சரின்னா நானே ஆணி அடிச்சு மாட்டுறேன்."

பெரிய சிஸ்டர் என்பது தலைமை நர்ஸ். மருத்துவமனைக்குள் மாதம் ஒரு முறை கூடும் புத்தக வட்டத்தை நடத்துபவரும் அவர்தான். டாக்டர்கள், நர்ஸ்கள், அலுவலகத்துக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி, படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். சலவைக்கூடத்திலிருந்து யாரும் அதுவரை போனதில்லை.

அவர் அண்ணியை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார். "நான் ஒளிக்காம கேக்கிறேன். வேலை செய்யும்போது கேட்டா அது மனசுல நிக்குதா? வெறும் சத்தத்துக்காகன்னா ரேடியோ போதுமே. நீங்க இந்த மாசம் வட்டத்துக்கு வாங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச நாவலைப் பத்திப் பேசுங்க. நல்லாக் கேட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சா பெட்டி உங்களுக்கு."

அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "படகு நாவல்" என்றாள்.

புத்தகங்களின் பெயர் அந்தக் கூடத்தில் யாருக்கும் நிற்காது. அண்ணி அடையாளம் சொன்னதும் பெரிய சிஸ்டர் முகம் மலர்ந்தது. "அதை நான் மூணு தடவை படிச்சிருக்கேன்."

ஆற்றங்கரையில் ஒரு வீடு. அப்பா ஆற்றோடு போய்விட்டார். அம்மாவும் இரண்டு மகன்களும் ஒரு படகும் மிச்சம். இளையவனுக்கு அக்கரையிலிருந்து பெண் எடுக்கிறார்கள். ஒரு நாள் மூத்தவன் கோடாலி எடுத்துப் படகைத் துண்டு துண்டாக உடைத்துவிடுகிறான். அதைச் சுற்றித்தான் நாவல்.

அடுத்த புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு நர்ஸ் மாணவிகளின் வகுப்பறையில் வட்டம் கூடியது. அண்ணி துவைத்த சேலை கட்டிக்கொண்டு போனாள். அவள் கட்டுவது எல்லாமே துவைத்ததுதான், அன்றைக்குத் தேய்த்தும் இருந்தது. துணைக்கு நாத்தனார். சீட்டுக் கொடுக்கும் கவுன்டரில் வேலை பார்க்கும் மருமகளும் அரை மணி அனுமதி வாங்கிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள். அறையின் மூலையில் பாடத்துக்காக நிறுத்திய எலும்புக்கூடு ஒன்று நின்றது. அதன் பக்கத்து நாற்காலியில் எக்ஸ்ரே சார். எக்ஸ்ரே எடுப்பவர், நிறையப் படித்தவர், யார் எதைச் சொன்னாலும் உள்ளே எங்கே விரிசல் என்று பார்க்கிறவர்.

"பக்கத்துல இருக்கிறது அவரோட தம்பியா, அண்ணி?" என்று நாத்தனார் காதில் கிசுகிசுத்தாள். அண்ணி அவள் தொடையில் கிள்ளினாள்.

பேச ஆரம்பித்ததும் அண்ணிக்கு நடுக்கம் ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டு வேளையில் நாற்பது பேருக்குச் சொல்லிப் பழகியவளுக்குப் பதினைந்து பேர் எம்மாத்திரம்.

"இந்த நாவல்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது அது சொல்லியிருக்கிற விதம். கல்யாணப் பொண்ணு அக்கரையிலிருந்து வந்து இறங்குறா. இறங்கின கொஞ்ச நாள்லயே, அந்த மூத்தவன் படகை உடைக்கிறான். எதுக்குன்னு சொல்லலை. அந்தப் பொண்ணு பொறந்த வீட்டுக்குப் போக வழியில்லாம அழுவுறா. ஊரே அவனைத் திட்டுது. நானும் திட்டினேன், கட்டையில போறவனேன்னு வாய்விட்டே திட்டினேன். இவகூடப் பயந்துட்டா." நாத்தனார் ஆமாம் என்று தலையாட்டினாள். "ஏழெட்டு அத்தியாயம் நம்மளைத் திட்ட விட்டுட்டு, அதுக்கப்புறம் வந்து சொல்றாங்க, அப்பா செத்த அன்னைக்கே அம்மா அவன்கிட்ட சத்தியம் வாங்கிட்டா, இன்னொரு பிள்ளையை ஆத்துக்குக் குடுக்க மாட்டேன், எப்பவாவது தம்பி வெள்ளத்துல படகு இறக்கத் துணிஞ்சா அதை நீ உடைச்சிடணும்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில இருந்த விரிப்பை அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ்வளவு நேரம் திட்டினேனே, ஒரு வார்த்தை அவன் திருப்பிச் சொன்னானா?"

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை நல்ல பார்வை இல்லை என்று அண்ணிக்கு மெல்லத்தான் புரிந்தது. எக்ஸ்ரே சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு நிமிஷம்மா. அந்தச் சத்தியம் ரெண்டாம் அத்தியாயத்துலயே வருதே. படகு உடையறது பன்னெண்டுல. உடைக்கும்போதே நமக்குக் காரணம் தெரியும்."

"இல்லை சார். உடைச்சப்புறம்தான் தெரியும்."

"சரி, முடிவு எப்படி?"

"முடிவுதான் ரொம்ப அழகு. மூத்தவன் படகுக்குப் புதுசா வர்ணம் அடிச்சு வெயில்ல காய வைக்கிறான். அதோட முடியுது. அதை அவன் கையாலயே உடைக்கப் போறான்னு நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது."

"அது ஒன்பதாம் அத்தியாயம்." எக்ஸ்ரே சார் சிரிக்காமல் இருக்கத்தான் முயன்றார், முடியவில்லை. "இருபத்தி நாலுல அம்மா ஆத்துப் பக்கத்துக் கதவைத் திறக்கிறாங்க. அதுதான் முடிவு. பாருங்க சிஸ்டர், இதைத்தான் நான் சொன்னேன். வேலைக்கு நடுவுல அங்கங்க காதுல விழுந்தது இது."

பெரிய சிஸ்டர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அந்தப் பேனா கீழே போன விதத்தைப் பார்த்ததும் அண்ணிக்கு ஸ்பீக்கர் பெட்டியே சுவரிலிருந்து கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

அப்போது பின்னாலிருந்து மருமகள் எழுந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அத்தை... தப்பு என்னுது. நான்தான் போன்ல ஏத்தினேன். அத்தியாயத்துக்கு வெறும் நம்பர்தான் போட்டிருந்தது. போன் அதை எழுத்து மாதிரி அடுக்கிடும். ஒண்ணுக்கு அடுத்தது பத்து, பதினொண்ணு, பத்தொன்பது வரைக்கும் போயிடும். அப்புறம்தான் ரெண்டு. அதுக்கப்புறம் இருபது. மூணுலேருந்து ஒன்பது வரைக்கும் கடைசியில வந்திருக்கும். நான் பாக்காம விட்டுட்டேன்."

கதை வாசிக்கிறவர் அத்தியாய எண்ணைச் சொல்வதும் இல்லை. நடுவில் ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான். நாவலையே கலைத்துப் போட்டுக் கேட்டிருக்கிறாள் அண்ணி, அதையே உலகத்தில் சிறந்தது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாத்தனாருக்குக் கோபம் வந்து எழப் பார்த்தாள். அவள் அண்ணியை எவ்வளவு வேண்டுமானாலும் வாரலாம், வேறு யாரும் வாரக் கூடாது.

அண்ணி அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள். மருமகளைப் பார்த்து, "நீ உக்காரும்மா. தப்பு நடந்தது நடந்துபோச்சு. பலன் ஒண்ணும் மோசமா வரலை" என்றாள். பிறகு எக்ஸ்ரே சார் பக்கம் திரும்பினாள். குரல் துளியும் இறங்கவில்லை.

"சார், நான் கேட்ட வரிசை தப்பு, ஒத்துக்கிறேன். அங்கங்க காதுல விழுந்ததுன்னு சொன்னீங்களே, அதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? கல்யாணமாகி வந்த பொண்ணைப் பாக்க அக்கரையிலிருந்து அவளோட அண்ணி வர்றாளே, மருதாணிக் கையோட. அவ யாரு?"

"யாருன்னா? பொண்ணோட அண்ணன் பெண்டாட்டி."

"அவ எந்த வீட்டுப் பொண்ணு?"

எக்ஸ்ரே சார் பெரிய சிஸ்டரைப் பார்த்தார். மூன்று தடவை படித்த பெரிய சிஸ்டர் மேசையைப் பார்த்தார்.

"ஆத்தங்கரை அம்மாவுக்கு ஒரு தம்பி" என்று அண்ணி விரல் மடித்தாள். "அவர் அந்தப் பசங்களுக்குத் தாய்மாமன். அவருக்கு ஒரே பொண்ணு. முறைப்படி மூத்தவனுக்குப் பேசி வச்சிருந்தது. அப்பா ஆத்தோட போனதும், ஆறு தின்ன வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு மாமன் அவளை அக்கரையில கட்டிக் குடுத்துட்டார். ஒரே ஒரு வரியிலதான் வருது, மூத்தவன் துடுப்பைத் துடைக்கிற இடத்துல. அவளைக் கட்டினவனோட தங்கச்சிதான் இந்தக் கல்யாணப் பொண்ணு. வந்திருக்கிறவ அந்த மாமன் மகள்தான். ரெண்டு பேரும் அண்ணி, நாத்தனார்." பக்கத்தில் இருந்தவளை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "அந்த உறவு என்னன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்."

அண்ணி அடுத்த விரலையும் மடித்தாள்.

"தம்பி கல்யாணப் பேச்சுக்குப் பெரியவங்களைக் கூட்டிப் போற சாக்குலதான் மூத்தவன் வாரா வாரம் அக்கரைக்குப் படகு விடுறான். படியேற மாட்டான், ஒரு வார்த்தை பேச மாட்டான். தூரத்துல மாமன் மகள் தண்ணி எடுக்கிறதைப் பாத்துட்டுத் திரும்பிடுவான். அவன் உடைச்சது தம்பியோட படகுன்னு எல்லாரும் அழுவுறாங்க. அவனுக்கும் அக்கரைக்கு அது ஒண்ணுதான் வழி. அதை யாரு நினைச்சா?"

பெரிய சிஸ்டர் புத்தகத்தை எடுத்து, சரசரவென்று பக்கம் தள்ளி, ஓரிடத்தில் விரல் வைத்துப் படித்தார். பிறகு பின்னால் போய் இன்னொரு இடம். முகம் மாறிப் போயிற்று.

"மூணு தடவை படிச்சேன்" என்றார், தனக்குத் தானே சொல்வது போல. "மூணாவது அத்தியாயத்துல இருக்கு."

"நீங்க மூணுல படிச்சுட்டு அவ வர்ற பதினொண்ணுக்குள்ள மறந்திருப்பீங்க சிஸ்டர். எனக்குப் பதினொண்ணு முன்னாடி வந்திடுச்சு. ஆளைப் பழகினப்புறம்தான் உறவு வந்து ஒட்டிச்சு. அதனாலதான் நின்னுது. இதுல என் சாமர்த்தியம் பாதி, இவளோட போன் பாதி."

எக்ஸ்ரே சார் நல்ல மனிதர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எனக்கு அந்த ஒரு வரியைக் காட்டுங்க சிஸ்டர்" என்று எழுந்து போனார். நாத்தனார் சும்மா இருப்பாளா? "சார் எலும்பைப் பாத்துட்டார் அண்ணி, சதையைத்தான் விட்டுட்டார்" என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படியாக. முதலில் சிரித்தவர் எக்ஸ்ரே சார்தான்.

முதல் தேதிக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் சொன்னபடி தானே ஏணி போட்டு ஏறி, கட்டைவிரலில் ஒரு தடவை அடித்துக்கொண்டு, பெட்டியை மாட்டினார். டிரையர் மணிச் சத்தத்துக்குக் கீழேதான் சத்தம் வைக்க வேண்டும் என்பது பெரிய சிஸ்டரின் நிபந்தனை. முதலில் எந்தக் கதை என்பதில் ஒருத்திக்கும் சந்தேகமில்லை. மருமகள் காலையில் வந்து போனைப் பெட்டியோடு இணைத்தாள்.

"அத்தை, எந்த வரிசையில போட? உங்க வரிசையிலயா, புத்தகத்து வரிசையிலயா?"

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் வரிசைதான் உசத்தி என்று அண்ணி சாப்பாட்டு வேளையில் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த விரிப்பை ஒரு உதறு உதறினாள்.

"எழுதினவங்க வரிசையில போடு. என்னுதை நான் கேட்டாச்சு."

நான்காம் நாள் பன்னிரண்டாம் அத்தியாயம் வந்தது. கூடத்தில் எல்லாருக்கும் சத்தியம் தெரியும். வெள்ளம் ஏறுகிறது, தம்பி துடுப்பைத் தோளில் போடுகிறான், மூத்தவன் கொட்டகைக்குள் போகிறான். எதற்குப் போகிறான் என்று நாற்பது பேருக்கும் தெரியும். இஸ்திரி உருளையில் நின்றவள் கையெடுத்துவிட்டாள். "வேண்டாம்டா" என்று யாரோ முனகினார்கள். போன தடவை அண்ணி கட்டையில போறவனே என்று கத்தியது சரியாக இந்த இடத்தில்தான். இந்தத் தடவை கோடாலி இறங்கும் முன்னால் அவன் ஒரு தரம் அக்கரையைப் பார்க்கிறான் என்று ஒரு வரி வந்தது. அது போன தடவையும் வந்திருக்கும். அண்ணி கத்திக்கொண்டிருந்தாள், எங்கே கேட்டிருக்கும்?

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் கையிலிருந்து ஒரு முனை நழுவித் தரையில் விழுந்தது.

"அண்ணி, முனை!" என்றாள் நாத்தனார். அதட்டினாலும் அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அண்ணி குனிந்து எடுத்தாள். மணி அடித்து அத்தியாயம் முடிந்தது. சாப்பாட்டு டப்பாக்கள் திறந்தன, எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இந்த இடத்துல எழுதினவங்க வரிசைதான் சரி. அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். வர்ணம் அடிக்கிற முடிவு மட்டும் என்னுதுதான் நல்லாருக்கு, அதை விட்டுக்குடுக்க மாட்டேன். மடிச்சு வைங்க."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்கு நாவல் பிடிக்காது. ஆனா இந்த அத்தியாயம் ஒரு சிறுகதை மாதிரி இருந்தது அண்ணி."

"பின்னே நாவல்னா என்னன்னு நினைச்சே? இருபத்தி நாலு சிறுகதை, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தா அதுதான் நாவல். எழுந்திரு, விரிப்பு குவிஞ்சு கிடக்கு."

நாத்தனார் எழுந்து தன் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டாள்.